கரை கட்டியவர்கள்

சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. மலாய் மொழியில் தெலோக் என்றால் குடா. ஆயர் என்றால் நீர். பெயரில் நீர் இருக்கிறதே தவிர, தெருவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நீர் கண்ணில் படாது. வங்கிகளும் அலுவலகங்களும்தான் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் காலடியில் இரண்டு பழைய கட்டடங்கள். ஒன்று, நாகூர் ஆண்டவரின் பெயரால் நம்மூர்ச் சோழியர்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய தர்கா. மற்றொன்று, கடல் தெய்வமான மாஸு அம்மனுக்குச் சீனர்கள் 1842-ல் கட்டி முடித்த தியான் ஹாக் கெங் கோயில். இரண்டுமே கப்பலில் வந்து உயிரோடு கரையேறியவர்கள் நன்றி சொல்ல எழுப்பியவை. இரண்டும் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. அன்று வாசற்படிக்கு எதிரே அலை அடித்தது. இன்று வாசலில் கார்கள் போகின்றன.

இந்தத் தெருவுக்கு என்னை அழைத்துப் போனவர் ஒரு நண்பர், தமிழர். கடலை நிலமாக்கும் வேலையிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த பொறியாளர். தர்காவின் வாசலில் நின்று, "இங்கேதான் படகு ஒதுங்கும்" என்று தரையைக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். சிறிய தீவு, ஒதுங்க இடமில்லாத தீவு. 1960-ஆம் ஆண்டளவில் அதன் பரப்பு 581 சதுர கிலோமீட்டர்தான். இன்று 730-க்கும் மேல். போரிட்டு ஓர் அங்குலம் பிடிக்காமல், பிறந்த குழந்தை வளர்வது போல ஒரு நாடு வளர்ந்திருக்கிறது என்றால், அதை வளர்த்தவர்கள் பெருமைப்படத்தான் செய்வார்கள். நான் வந்திறங்கிய சாங்கி விமான நிலையத்தின் ஒரு பகுதியும் கடலைத் தூர்த்த நிலம்தான். ஆகவே இந்த விஷயத்தில் தூய கையோடு நின்று பேச எனக்கு அருகதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆனால் அன்று அவர் சொன்ன வேறொரு செய்திதான் ஊர் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

தெலோக் ஆயரிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கால்லியர் கீ என்ற துறைமுகச் சாலை வரும். 1860 வரைக்கும் அங்கே சாலை இல்லை. வியாபாரிகளின் கிட்டங்கிகள் சதுக்கத்தைப் பார்த்து நின்றன. அவற்றின் பின்புறம் கடல். படகுகள் பின்வாசலுக்கே வந்து சரக்கு இறக்கும். சேறும், சரியும் கரையும், நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் அலையுமாகக் கிடந்த இடம் அது. அந்தக் கடலில் வேலைநீர் ஏற்றம் பத்தடிவரை போகும். அங்கே 1861-லிருந்து 1864 வரை ஒரு சுவர் எழும்பிற்று. சுவருக்குப் பின்னால் மண் கொட்டினார்கள். மண்ணின் மேல் சாலை வந்தது. சாலையை ஒட்டி மாளிகைகள் வந்தன. சென்னைப் பொறியியல் படையைச் சேர்ந்த கால்லியர் என்ற ராணுவ அதிகாரி அதற்குத் திட்டமிட்டார். அவர் பெயரே சாலைக்கு நிலைத்துவிட்டது.

"கல்லைத் தூக்கியது யார்?" என்று கேட்டேன்.

"கைதிகள்" என்றார் நண்பர். "நம் நாட்டுக் கைதிகள்."

இந்தியாவில் தண்டிக்கப்பட்டவர்களைக் கடல் கடத்தும் வழக்கம் கும்பெனிக்கு வெகுநாளாக உண்டு. சிவகங்கைப் போர் முடிந்ததும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு 72 பேரையும் 1802-ல் பினாங்குத் தீவுக்கு ஏற்றி அனுப்பியது நமக்கு மறக்கக் கூடாத செய்தி. சிங்கப்பூருக்கு முதல் கைதித் தொகுதி 1825 ஏப்ரலில் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து வந்தது. எண்பது பேர், சென்னை ராஜதானியிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகள் நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். பிறகு ஆண்டுதோறும் கப்பல்கள். 1873-ல் அந்தச் சிறைமுறை முடியும்வரை, அந்த ஊரின் சாலை, கால்வாய், கலங்கரை விளக்கு என்று எதைத் தொட்டாலும் அவர்கள் கை பட்டிருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்மையான உட்சுவர் அவர்கள் பூசியது. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றும் சென்னைச் சாந்து. அந்தப் பக்குவம் எந்தச் சீமை அதிகாரியின் தலையிலிருந்தும் வந்ததல்ல. செட்டிநாட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிப் பார்த்தால் ஒரு விபரீதம் தெரிகிறது. அந்த மனிதர்களுக்குச் சிறைச்சுவர் அவசியமே இல்லை. கடல்தான் அவர்களுடைய சிறைச்சுவர். கடல் தாண்டினால் சாதி போயிற்று, சொந்தம் போயிற்று, செத்தால் கொள்ளி வைக்க ஆளில்லை என்று நம்பி வளர்ந்தவர்கள். எந்தக் கடல் தங்களை ஊரிலிருந்து பிரித்ததோ, அதே கடலில் இடுப்பளவு நின்றுகொண்டு அதற்கு எதிராக ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தங்களுக்காக அல்ல, எவனோ ஒரு வியாபாரியின் மூட்டை நனையாமல் இருப்பதற்காக.

நண்பருக்கு என் வருத்தம் வேடிக்கையாக இருந்தது. "நீங்கள் எழுத்தாளர், உங்களுக்கு எல்லாம் கதையாகத் தோன்றும்" என்றார். "அவர்கள் என்ன, எல்லோரும் துரைசாமியா? கொலை செய்தவனும் கொள்ளையடித்தவனும் அதில் இருந்தான். தண்டனை பெற்றவன் வேலை செய்தான். சும்மா உட்கார வைத்துச் சோறு போட்டிருக்க வேண்டுமா? தொழில் கற்றார்கள். நன்னடத்தைக்குத் தரம் உயர்ந்தது. காலில் விலங்கோடு வந்தவன் சில வருஷத்தில் மேஸ்திரியானான். கடைசியில் வெளியே தங்கி வேலை பார்க்கச் சீட்டும் கிடைத்தது. கைதிகளுக்குக் கைதிகளையே காவல் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அதைவிட நல்ல சிறை எங்கே இருந்தது, சொல்லுங்கள்?"

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அந்தச் சிறையை நிர்வகித்த மக்நெயர் என்ற அதிகாரியே பின்னால், 1899-ல், தம் சகாவோடு சேர்ந்து அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். புத்தகத்தின் தலைப்பே கைதிகள்தாம் தங்களுக்குக் காவலர் என்ற பொருள் தருவது. விடுதலையானவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பால் கறந்து விற்றார்கள், வண்டி ஓட்டினார்கள், குடும்பம் கட்டினார்கள். ஆகவே கசையையும் கண்ணீரையும் மட்டும் எழுதி வாசகர்களை உருக வைப்பது எனக்குச் சுலபம். ஆனால் அது நேர்மையாகாது.

இருந்தாலும் நண்பரின் வாதத்தில் ஒரு சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. தண்டனை என்ற சொல். ஒருவன் செய்த குற்றத்துக்கும் அவன் பெறும் தண்டனைக்கும் ஏதோ ஒரு கணக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அவன் கட்டிய சுவர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருகிறது? அவன் நெல்லூரிலோ திருநெல்வேலியிலோ யாரையோ வெட்டினான். வெட்டுப்பட்டவனுடைய விதவைக்கு அந்தச் சுவரால் ஒரு படி அரிசி கிடைத்ததா? இல்லை. அவன் பாவத்தின் வட்டியை, அந்தப் பாவத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஒரு துறைமுகம் வாங்கிக்கொண்டது. தண்டிப்பவனுக்குத் தண்டனையால் லாபம் வர ஆரம்பித்துவிட்டால், பிறகு குற்றவாளி எப்போது போதுமான அளவு தண்டிக்கப்பட்டான் என்று தீர்மானிப்பது யார்? வேலை முடிந்த அன்றா, கடன் முடிந்த அன்றா?

இந்த இடத்தில் நமக்கு மதுரை நினைவு வராமல் போகாது. வைகையில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, சொக்கநாதரே கூடையும் மண்வெட்டியுமாக வந்தார். வந்தவர் வேலை செய்தாரா? பிட்டைத் தின்றார், பாடினார், ஆடினார், மர நிழலில் தூங்கினார். கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. மன்னன் பிரம்பை ஓங்கி முதுகில் போட்டான். அந்த அடி மன்னன் முதுகிலும் விழுந்தது; அரசி மேல், அமைச்சர் மேல், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. ஆவணி மூலத் திருநாளில் மதுரைக்காரர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது கடவுள் அடி வாங்கினார் என்பதுதான் பெரிதாகத் தோன்றியது. இப்போது பெரிதாகத் தோன்றுவது வேறு. கரை எல்லோருக்கும் பொது என்றால் கரை போடுகிறவன் முதுகில் விழும் அடியும் எல்லோருக்கும் பொது என்று அந்தக் கதையைக் கட்டியவன் நினைத்திருக்கிறான். என்ன அசாத்தியமான நினைப்பு! (வேலை செய்யாத கூலிக்காக நம் புராணம் இவ்வளவு பரிந்து பேசியிருக்கிறது, செய்தவனுக்காகப் பேசியிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று தோன்றும் என் குதர்க்கத்தைப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.) ஆனால் உலக நடப்பு அப்படி இல்லை. கால்லியர் கீயில் விழுந்த அடி விழுந்த முதுகோடு நின்றுவிட்டது. நிலம் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

நாம் மட்டும் யோக்கியர்கள் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மார்தட்டி வருகிறோம். அந்தக் கரைக்காகச் சோழன் இலங்கையிலிருந்து பன்னிரண்டாயிரம் பேரைச் சிறைபிடித்து வந்தான் என்றும், கஜபாகு மன்னன் வந்து அவர்களை மீட்டுப் போனான் என்றும் சிங்கள மரபு சொல்கிறது. அது சரித்திரமா கதையா என்ற விவாதத்தைப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒரே கரை; அதன் ஒரு பக்கத்தில் நின்றவர்கள் நீரைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள், மறுபக்கத்தில் நின்றவர்கள் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிக் கதை கட்டினார்கள். கதை பொய்யாகவே இருக்கட்டும். அப்படி ஒரு கதை பிறக்க வேண்டியிருந்ததே, அதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நண்பரிடம் நான் வாதாடியது இந்த வழியில் அல்ல. அவர் புராணத்துக்கு மசிகிறவர் இல்லை. அவருடைய தொழிலை வைத்தே கேட்டேன்.

"கடலில் சுவர் கட்டும்போது மிகவும் முக்கியமானது எது?"

"அடிப்பகுதி" என்றார் யோசிக்காமல். "அலை மேலே அடிக்கும், ஆனால் சுவரைக் கவிழ்ப்பது கீழே. அடியில் மண்ணை அரித்துவிட்டால் போச்சு. பிறகு இணைப்புகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சந்து விட்டால், ஏற்றத்தின்போது நீர் உள்ளே போகும், வற்றும்போது பின்னால் கொட்டின மண்ணை இழுத்துக்கொண்டு வெளியே வரும். மேலே பார்த்தால் சாலை சரியாக இருக்கும். உள்ளே பொந்து. ஒருநாள் வண்டியோடு உள்ளே போகும்."

"அந்தச் சந்தை ஒழுங்காக அடைத்தானா என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியுமா?"

"முழுக்கத் தெரியாது. பாதி நேரம் அது தண்ணீருக்குள் இருக்கும். நல்ல கொத்தன் வேண்டும், அவ்வளவுதான்."

"அடித்தால் நல்ல கொத்தன் ஆவானா?"

அவர் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் எனக்கு விடையின் ஒரு நுனி அங்கேதான் அகப்பட்டது. பிரம்பாலும் விலங்காலும் ஒருவனைக் கல் தூக்க வைக்கலாம். நாளுக்கு இத்தனை கூடை என்று எண்ணலாம். ஆனால் வற்றலின் கடைசி அரைமணியில், அதிகாரி குடையோடு கரையில் நிற்க, இடுப்பளவு சேற்றில் நிற்பவன், யார் கண்ணும் படாத சந்தில் சாந்தை இன்னும் ஒரு கை அழுத்திப் பூசுகிறானே, அந்த ஒரு கையை எந்தப் பிரம்பாலும் வாங்க முடியாது. அது அவனாகக் கொடுத்தது. ஏன் கொடுத்தான்? ஊரில் அவன் தகப்பன் அப்படிப் பூசியிருக்கலாம். கெட்ட வேலை செய்தால் கைக்கே கூசியிருக்கலாம். சிறைப்பட்ட வாழ்க்கையில் தன்னுடையது என்று சொல்ல அந்த வேலையின் ஒழுங்கு ஒன்றுதான் மிஞ்சியிருக்கலாம். வேலை கற்றுக்கொடுத்தோம் என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அவர்கள் எழுதியது பொய்யில்லை. ஆனால் கொடுத்ததை மட்டும் எழுதி, வாங்கிக்கொண்டதை எழுதாமல் விட்டால் அது எப்படிக் கணக்காகும்?

தண்டனையின் பெயரால் அவனிடமிருந்து உழைப்பை எடுத்தார்கள். எடுத்தது சரியா தவறா என்று சட்டம் பேசலாம். ஆனால் எடுக்கப்படாமல் அவனாகக் கொடுத்த பகுதிக்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லாது. அதற்குத்தான் கடன்பட்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. குற்றவாளியிடம் கடன்பட முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பட முடியும். திருடன் நம் குழந்தையைக் கிணற்றிலிருந்து தூக்கினால், அவன் திருட்டுக்குச் சிறைக்குப் போவது ஒருபுறம் இருக்க, குழந்தைக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றில் ஒன்று கழிப்பதற்கு நாம் யார்?

இதை நண்பர் ஒருவாறு ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் உடனே, "அந்தக் காலம் போயிற்று, இப்போது எதையும் யாரிடமிருந்தும் பிடுங்குவதில்லை, காசு கொடுத்து வாங்குகிறோம்" என்று பேச்சை இக்காலத்துக்கு மாற்றினார்.

அதுவும் வாஸ்தவந்தான். துவாஸில் 2022-ல் திறந்த புதிய துறைமுகத்தைப் பற்றி அவர் விவரித்ததைக் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பத்து மாடி உயரமுள்ள காங்கிரீட் பெட்டிகள். ஒவ்வொன்றும் பதினையாயிரம் டன். அவற்றை மிதக்கவிட்டு, இழுத்துப் போய், வரிசையாகக் கடலடியில் அமர்த்தி, அதையே சுவராக்கி, உள்ளே மண் நிரப்புகிறார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் 221 பெட்டிகள். இடுப்பளவு நீரில் நின்ற மனிதனுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த இடத்துப் பவளப் பூச்சிகளைக்கூடப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறு தீவுகளின் ஓரத்தில் குடிவைத்தார்களாம். கைதியின் காலத்தைவிட இது மேலான காலம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பெட்டிக்கும் பழைய கரைக்கும் நடுவில் கொட்டும் மண் எங்கிருந்தாவது வர வேண்டுமல்லவா? ஆரம்பத்தில் சொந்தக் குன்றுகளையே வெட்டினார்கள். 1822-ல் ராபிள்ஸ் ஒரு சிறு குன்றைக் கரைத்து ஆற்றோரச் சதுப்பை நிரப்பியதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. தெலோக் ஆயர் குடாவை 1879 முதல் தூர்த்தபோது வாலிச் குன்று காணாமற்போயிற்று. 1966-ல் கிழக்குக் கடற்கரையில் பெரிய வேலை தொடங்கியபோது பெடோக் பக்கத்துக் குன்றுகள் கடலுக்குள் போயின. குன்றுகள் தீர்ந்ததும் பிற நாட்டு மணல். மலேசியா 1997-லும், இந்தோனேசியா 2003-லும் கடல்மணல் அனுப்புவதைத் தடுத்தன. 2007-ல் இந்தோனேசியா நிலத்து மணலையும் தடுத்தது. கம்போடியா 2017-ல் தடுத்தது. ஏன் தடுத்தார்கள்? மணல் எடுத்த இடத்தில் கரை சரிந்தது, மீன் குறைந்தது என்று அந்த ஊர் மீனவர்கள் முறையிட்டார்கள். ஒரு தீவின் எல்லை வளர, வேறு தீவுகளின் விளிம்பு தேய்ந்தது.

வாங்கினவன் விலை கொடுத்தான், அதை மறுப்பதற்கில்லை. விலை யாருக்குப் போயிற்று என்பதுதான் கேள்வி. மணல்குத்தகை எடுத்தவனுக்குப் போயிற்று. அனுமதி கொடுத்தவனுக்குப் போயிற்று. வலையைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கம்போடிய மீனவன் எதையும் விற்கவில்லை. கைதியின் விஷயத்தில் தண்டனை என்ற சொல் செய்த வேலையை, மீனவனின் விஷயத்தில் விலை என்ற சொல் செய்கிறது. கணக்கு முடிந்துவிட்டது, இனிப் பேசாதே என்று சொல்லுவதற்கு இரண்டும் நல்ல சொற்கள். ஜூரோங்கில் ஏழு தீவுகளை இணைத்து ஒரே தீவாக்கி 2009-ல் முடித்தார்கள். அதற்கு முன்பு அந்தச் சிறு தீவுகளில் வாழ்ந்த மலாய்க் குடும்பங்களும் கடல்வாசிகளும் நிலப்பகுதியின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள். வீடு கிடைத்தது, தண்ணீரும் விளக்கும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. அங்கேயும் விலை கொடுக்கப்பட்டது. இந்த முறை உரியவர்களுக்கே கொடுக்கப்பட்டது. படகில் பிறந்து வளர்ந்த ஒரு கிழவர் பத்தாவது மாடியிலிருந்து கீழே பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்பதை மட்டும் அந்த விலைக்குள் அடக்க முடியாது.

அப்படியானால் சுவரே கட்டியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லும் துணிவு எனக்கில்லை. கட்டாதிருந்தால் அந்தத் தீவில் இத்தனை லட்சம் பேருக்கு வீடு எங்கே? கப்பல் எங்கே, பிழைப்பு எங்கே? பஞ்சத்துக்கு அஞ்சிப் போன நம் ஜனங்களே எத்தனை பேர் அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்! என் நண்பரின் பாட்டனார் அப்படி மூட்டை சுமந்தவர்தாம். சுவரை நிந்திக்கிறவன் அந்தப் பாட்டனாரின் சோற்றையும் சேர்த்து நிந்திக்கிறான். அதே சமயம், சோறு கிடைத்தது என்பதற்காக அந்தக் கைதியின் முதுகையும் மீனவனின் கரையையும் கணக்கிலிருந்து அடித்துவிடவும் என்னால் முடியவில்லை. நண்பர் ஒரு செய்தி சொன்னார்: கடலில் தூர்த்த புதுநிலம் உடனே கட்டடம் தாங்காதாம். அடியில் கிடக்கும் களிமண் நீரைக் கக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இறங்குமாம். அவசரக்காரன் உடனே சுவரெழுப்பினால் விரிசல் விடும். ஆகவே மேலே இன்னும் பாரம் ஏற்றிவைத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். மண்ணுக்கு அவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலம் கால்லியர் கீயில் நின்றோம். எதிரே விசாலமான நீர்ப்பரப்பு. காற்று அருமையாக வீசிற்று. "கடல்காற்று!" என்றேன். நண்பர் சிரித்தார். அது கடல் இல்லையாம். 2008-ல் குடாவின் வாயில் ஓர் அணை போட்டு அடைத்துவிட்டார்கள். இப்போது அது மழைநீர் தேங்கும் ஏரி, குடிதண்ணீர். உப்பு வெளியேறிவிட்டது. கைதிகள் எந்தக் கடலோடு மல்லுக்கு நின்றார்களோ அந்தக் கடலே அங்கே இல்லை.

சாலையோரத்தில் கால்லியர் துரையின் பெயர்ப்பலகை விளக்கொளியில் பளபளத்தது. நண்பர் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கட்டைச்சுவரின் மேல் வைத்திருந்த கையை எடுக்காமலே, "எங்கள் பாட்டனாரும் எந்தக் கப்பலில் வந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை" என்றார். சாப்பிட நேரமாகிவிட்டது என்று நான்தான் அவரை அழைத்துக்கொண்டு நடந்தேன்.